கமராவுக்குச் சொல்லிவிட்டுப் போவது

புத்தூர் கிழக்கு,
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சுபாஜினிக்கு,

நீயும் மருமகன் செந்தூரனும் பேத்தி வித்தியாவும் நலமாயிருக்க அம்பாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். எனக்குச் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அம்மாவுக்கு மழைக்காலம் என்பதால் முழங்கால் நோ கொஞ்சம் உண்டு. ஆனாலும் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் தானாகப் போய்வருகிறார்.

நேற்றும் கைத்தொலைபேசியில் கதைத்த அப்பா எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். வாயால் சொல்லத் தொடங்கினால் எனக்கு ஒழுங்கு பிசகிவிடுகிறது. நான் இரண்டாவது வசனத்துக்கு வருவதற்குள் நீ முதலாவதற்குப் பதில் சொல்லிவிடுகிறாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நீ வேலைக்குப் போகும் வழியில் நின்று கதைக்கிறாய், உனக்கு நேரமில்லை. கடதாசியில் என்றால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள், பிழையை வெட்டிவிட்டும் எழுதலாம். பக்கத்து வளவு றமேஸ் திங்கட்கிழமை ஒஸ்லோவுக்குத் திரும்புகிறார். மிளகாய்த்தூள் பொதிக்கு மேலே இதை வைத்துக் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து வாசி.

முதலில் கணினி விடயம். எனக்கு லப்டொப் ஒன்று வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாய் என்று அச்சுவேலிச் சந்திக் கடைக் கோகுலன் வந்து சொன்னார். விறாந்தைச் சுவரில் கமராவைப் பூட்டித் தந்ததுபோல இதையும் தானே வந்து செய்து தருவாராம். என்னுடைய பழைய கணினியைப் பார்த்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஐயா, உது கொம்பியூட்டர் இல்லை, ஆட்டுக்கல். ஆரும் கேட்டால் என்ரை கடையிலை வாங்கினதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

ஆட்டுக்கல்லாக இருக்கட்டும். எனக்கு அது போதும் பிள்ளை. லப்டொப்பின் எழுத்துகளை அழுத்துவது அப்பளத்தைத் தட்டுவதுபோல இருக்கிறது. அழுத்தினேனா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. இதில் ஒவ்வொரு எழுத்தும் சத்தம் போட்டு நான் விழுந்துவிட்டேன் என்று சொல்கிறது. இன்னொன்று, லப்டொப் நாம் போகும் இடமெல்லாம் கூடவே வந்துவிடும். கட்டிலுக்கும் வரும், சாப்பாட்டு மேசைக்கும் வரும். றமேஸின் வீட்டில் பார்த்தேன், விடுமுறைக்கு வந்தவர் மடியில் அதை வைத்துக்கொண்டுதான் புட்டுச் சாப்பிடுகிறார். என் கணினி இருந்த இடத்திலேயே இருக்கும். வேலை வேண்டுமானால் நான்தான் அதனிடம் போகவேண்டும். எழும்பினால் வேலை முடிந்தது. இது வயது போனவனின் பிடிவாதமாகவும் இருக்கலாம். நீ இந்தத் துறையில் வேலை செய்பவள், என்னிலும் உனக்குத் தெரியும்.

என் கணினிக்கு அம்மா தன் பழைய சேலையில் உறை தைத்துப் போட்டிருக்கிறார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் நான் படவரைஞனாக வேலை செய்த காலத்தில் வந்த பழக்கம் இது. வேலை முடிந்ததும் எதையும் மூடாமல் எழும்பமாட்டோம், தூசி அப்படி. இங்கே சீமெந்துக்குப் பதிலாகச் செம்பாட்டு மண். எவ்வளவு மூடினாலும் போன மழைக்கு எறும்பு உள்ளே போய்விட்டது. பெட்டியைக் கழற்றிய கோகுலன், “ஐயா, உள்ளுக்கை குடியிருக்கினம். வாடகை வாங்குறனீங்களோ?” என்று கேட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அம்மா கடைசியாக அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

இடி இடித்தால் நான் எல்லா வயரையும் கழற்றிவிடுவதும், அதனால் கமரா நின்றுபோக நீ அங்கே பதறுவதும் இந்த மாரியில் நடந்தது. கோகுலனுக்கும் றமேஸ் வீட்டுக்கும் மாறி மாறி அழைத்திருக்கிறாய். அவர்கள் குடையோடு ஓடிவந்து பார்த்தபோது நாங்கள் இருவரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். உன்னைப் பயப்படுத்தியதற்கு வருந்துகிறேன். ஆனால் வானம் முழங்கும்போது வயரைச் சொருகி வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. இனிமேல் கழற்றுவதற்கு முன்பு உனக்கு ஒரு செய்தி அனுப்புகிறேன்.

இப்போது கமரா விடயம்.

ஆடியில் நீ வந்து நின்றபோது, அங்கேயிருந்து எங்களைப் பார்க்கவென்று விறாந்தையில் அதைப் பூட்டினோம். பூட்டியது நல்லதென்றுதான் நானும் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, எங்களுக்கு அது சந்தோசமாகவே இருந்தது. வெறும் மேலோடு இருந்த நான் வீட்டுக்குள்ளும் சேட்டுப் போடப் பழகினேன். அம்மா சீப்பால் தலை இழுக்காமல் விறாந்தைக்கு வருவதில்லை. “பிள்ளை பார்ப்பாள்” என்பார். சரஸ்வதி பூசையன்று புத்தகங்களுக்கும் கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், ஏணியில் என்னை ஏற்றிக் கமராவுக்கும் ஒரு பொட்டு வைப்பித்தார். வீடு முழுக்கச் சிவப்பாய்த் தெரியுது, நெருப்பா என்று நீ அழைத்தது நினைவிருக்கும். பொட்டைக் கமராவின் கண்ணாடியிலேயே வைத்துவிட்டது என் கைப்பிழைதான்.

இன்னொரு பழக்கமும் இருந்தது, உனக்குத் தெரியுமோ தெரியாது. கோயிலுக்கோ சந்தைக்கோ வெளிக்கிட்டால் அம்மா கமராவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, “போட்டு வாறம் பிள்ளை” என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். அந்த நேரம் நீ பார்க்கமாட்டாய், அங்கே விடிந்திருக்காது என்று நான் சொல்லிப் பார்த்தேன். “அவள் பார்க்கிறதுக்கே சொல்லுறன்? சொல்லிப்போட்டுப் போறது எங்கடை பழக்கமெல்லோ” என்றார். பிறகு நானும் சொல்லத் தொடங்கினேன், சத்தமில்லாமல்.

அந்தப் பழக்கத்தை அம்மா விட்டுவிட்டார்.

ஐப்பசியில் ஒருநாள் விறாந்தையில் இருந்த மனுசி யார் என்று கேட்டாய். நான் அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவர் பெயர் கத்தரீனா. குருநகரிலிருந்து காலையில் மீன் பெட்டியோடு வந்து, புத்தூர்ச் சந்தியில் விற்று, மத்தியானம் திரும்புகிறவர். திரும்பிப் போகும் பஸ் நமது வாசல் படலைக்கு எதிரே நிற்கும். வீதி அகலித்தபோது அங்கே நின்ற வேம்பைத் தறித்துவிட்டார்கள், நிழல் கிடையாது. நீ திரும்பிப் போன பிறகு, ஆவணி வெயிலில் ஒருநாள், அம்மா படலைக்குப் போய், “பிள்ளை, உதிலை நிண்டு காயாமல் உள்ளுக்கை வந்து இரன். பஸ் வந்தால் கேக்கும்தானே” என்று கூப்பிட்டார்.

வந்தவர் படியில் இருந்தார். அம்மா கதிரையை இழுத்து வைத்தார். “வேண்டாம் அம்மா, உடுப்பெல்லாம் மீன் வெடுக்கு” என்றார் அவர். “கதிரையைக் கழுவலாம், நீ இரு” என்றார் அம்மா. இந்த வீட்டு விறாந்தையில் அப்படி ஒரு கதிரை இழுத்து வைக்கப்படுவது உன் அப்பப்பா காலத்தில் நடக்காத காரியம். அதை உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. நான் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அம்மா செய்ததை நான் தனியாக இருந்தால் செய்திருப்பேனா என்பது எனக்கு நிச்சயமில்லை.

பிறகு அது வழக்கமாயிற்று. பஸ் வரும்வரை தேத்தண்ணியும் கதையும். “அம்மா” என்றவர் “அக்கா” என்றார். மறுநாளைக்கு மீன் கேட்பவர்கள் கத்தரீனாவுக்குக் குரல் செய்தி அனுப்புவார்கள். ஒட்டி வேண்டும், விளைமீன் வேண்டும் என்று விறாந்தை முழுக்கச் சனம் கத்துவதுபோல இருக்கும். அம்மா தன் பங்குக்கு உன் குரல் செய்திகளைப் போட்டுக் காட்டுவார். “உங்கடை மகள் கதைக்கிறது றேடியோவிலை செய்தி வாசிக்கிற மாதிரி அக்கா” என்று கத்தரீனா சொல்வார். வித்தியாவுக்கு முன்பல் விழுந்தது அவருக்குத் தெரியும். செந்தூரன் பனியில் சறுக்கி விழுந்தது தெரியும். வெள்ளிக்கிழமைகளில் நமக்கு மீன் இல்லை என்று தெரிந்தும் வந்து இருந்துவிட்டுப் போவார். அம்மாவுக்கு இந்த ஊரில் அப்படி வந்து இருக்க வேறு யார் மிச்சம் என்று நீயே எண்ணிப் பார்.

நீ கேட்ட அன்றைக்கு வித்தியாவுக்குப் பள்ளி விடுமுறை. நீ வீட்டில் நின்று கமராவைப் பார்த்திருக்கிறாய். மேலேயிருந்து “அப்பா” என்று உன் குரல் கேட்டது. கத்தரீனாவின் முகத்தை நீ அப்போது பார்த்திருக்கவேண்டும். “அக்கா, எங்கடை சுபாப் பிள்ளையெல்லோ!” என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பி, கமராவைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் நீ மிச்சத்தைச் சொன்னாய்.

“ஆர் உந்த மனுசி? தெரியாத ஆக்களை ஏன் உள்ளுக்கை எடுத்து வைச்சிருக்கிறியள்? போகேக்கை அவவின்ரை பையை ஒருக்காப் பாருங்கோ.”

நீ அப்படிச் சொன்னதன் காரணம் எனக்கு விளங்கும். தனியாக இருந்த வயதானவர்களைக் கட்டிவைத்துக் களவெடுத்த காணொளி ஒன்றை அந்தக் கிழமைதான் எனக்கும் அனுப்பியிருந்தாய். அதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். எங்கள்மேல் உள்ள அக்கறைதான். ஆனால் அந்தக் கமரா உன் குரலை விறாந்தையில் இருந்த எல்லோருக்கும் சேர்த்தே கேட்கப்பண்ணியது. சொல்லி முடித்ததும் உன் பக்கத்துச் சத்தம் நின்றுவிட்டது. வித்தியா கூப்பிட்டிருப்பாள், நீ போயிருப்பாய். அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். பார்த்துவிட்டு நீ பேசாமல் இருந்திருக்கமாட்டாய்.

கத்தரீனா தன் பையைக் கமராவுக்கு நேர் கீழே இருந்த சிறிய மேசையில் வைத்தார். உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேலே தூக்கிக் காட்டினார். பேப்பரில் சுற்றிய கத்தி. துவாய். பாதி சாப்பிட்ட பணிஸ். கைத்தொலைபேசிச் சார்ஜர். செபமாலை. எல்லாம் காட்டி முடித்துப் பையைக் கவிழ்த்து உதறினார். “வடிவாப் பாருங்கோ பிள்ளை. வேறை ஒண்டும் இல்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி வைத்தார். தான் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கழுவி, படியில் கவிழ்த்து வைத்தார். அதுவரை ஒருநாளும் அம்மா அவரைக் கோப்பை கழுவ விட்டதில்லை. அன்றைக்கு அம்மா, “கத்தரீனா, வை அதை, வையடி” என்று பின்னாலேயே போனார். “பறவாயில்லை அம்மா” என்று சொல்லிவிட்டு அவர் படலையைச் சாத்திக்கொண்டு போனார். அக்கா என்று சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். எழும்பி நின்றேன். அவ்வளவுதான்.

(இதுவரை கணினியில் அடித்தேன், இந்த இடத்திலிருந்து கையால் எழுதுகிறேன். அச்சு இயந்திரத்தில் மை முடிந்துவிட்டது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது ஒருநாளும் உண்மை சொல்வதில்லை. எழுத்து நடுங்கியிருந்தால் பொறுத்துக்கொள்.)

அதற்குப் பிறகு கத்தரீனா நமது படலைக்கு எதிரே பஸ் ஏறுவதில்லை. வெறும் பெட்டியோடு சந்தியிலேயே நின்று ஏறுகிறார். பஸ் வரும் நேரத்துக்கு அம்மா பூப்பறிப்பதுபோல வேலியடியில் நிற்கிறார். அந்த நேரத்தில் பறிக்கச் செடியில் பூ இருக்காது. பஸ் போனதும் உள்ளே வந்துவிடுவார். ஒருநாள் நான் துணிந்து சந்திக்குப் போய் அவரிடம் மீன் வாங்கினேன். வழக்கம்போல வெட்டித் துப்பரவாக்கி, மேலதிகமாக இன்னொரு மீனும் போட்டுத் தந்தார். “அவ சுகமே ஐயா?” என்று கேட்டார். சொல்ல வேண்டியதை வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போனவன், ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். “கதைச்சனீங்களோ?” என்று அம்மா கேட்டார். மீன் நல்ல புதுசு என்றேன். அம்மா பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா இப்போது விறாந்தைக்கு வருவதில்லை. குசினியில் அடுப்பருகே பலகையைப் போட்டு இருக்கிறார். அங்கேதான் தலை இழுக்கிறார், அங்கேதான் தேவாரம் படிக்கிறார். நானும் பேப்பரை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டேன். விறாந்தை வெறுமையாகக் கிடக்கிறது, எங்கே நிற்கிறீர்கள் என்று நீ கேட்டதற்கும், குசினிக்கும் பின்பக்கத்துக்கும் இன்னும் இரண்டு கமரா கோகுலனிடம் சொன்னதற்கும் காரணம் இதுதான்.

அந்தப் பெட்டிகள் இரண்டும் அலுமாரிக்கு மேலே பிரிக்காமல் இருக்கின்றன. நான்தான் கோகுலனுக்குச் சாட்டுச் சொல்லி நாளைக் கடத்திக்கொண்டு வருகிறேன். நேற்று அவருக்குப் பொறுமை போய்விட்டது. “ஏணி இல்லை எண்டியள், கொண்டந்தன். சுவர் ஈரமெண்டியள், காஞ்சிட்டுது. இனிப் பஞ்சாங்கத்தைத் தூக்கப்போறியளோ ஐயா?” என்றார். உண்மையில் அதைத்தான் எடுக்க இருந்தேன். வருகிற புதன்கிழமை கட்டாயம் வருவதாகச் சொல்லிவிட்டார். குசினியிலும் பூட்டினால் அம்மா எங்கே போய் இருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். கிணற்றடிதான் மிச்சம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கமராவில் மெமரிக் காட் இல்லை என்று உன் கைத்தொலைபேசி காட்டுவதாகச் சொன்னாய். கள்ளன் எடுக்கவில்லை. எடுத்தவன் நான். அதில் கத்தரீனா பையைக் கவிழ்த்தது பதிவாகியிருக்கிறது. உனக்கு அனுப்பலாமா என்று முதலில் யோசித்தேன். நான் எழுதுவதைவிட அது திருத்தமாகச் சொல்லும். பிறகு வேண்டாமென்று விட்டேன். அது அவருடைய முகம். அவரைக் கேளாமல் ஒருவருக்கும் காட்ட எனக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். என்றைக்காவது அவர் வந்தால் அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

இயந்திரத்தில் நான் குறை சொல்லவில்லை. விறாந்தையில் யார் இருக்கிறார்கள் என்று அது உனக்குச் சரியாகத்தான் காட்டியது. அம்மா கதிரை இழுத்து வைத்த நாளில் நீ பார்க்கவில்லை. அதை உனக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான், கமரா அல்ல.

என் யோசனையை எழுதுகிறேன். பிழை என்றால் விட்டுவிடு. உனக்கு எங்களைப் பற்றிய பயம் போகவேண்டும், அதையும் மறக்கவில்லை. விறாந்தைக் கமராவைக் கழற்றிப் படலைப் பக்கம் பார்க்கும்படி முகப்பில் பூட்டலாம். அளந்து பார்த்தேன், படலையும் வீதியும் படத்தில் வடிவாய் விழும். கள்ளன் வந்தாலும் அந்த வழியால்தான் வரவேண்டும். புதுப் பெட்டிகளில் ஒன்றைப் பின்வேலிப் பக்கம் வைக்கலாம். மற்றதைக் கோகுலன் திருப்பி எடுப்பார். குசினி வேண்டாம், பிள்ளை. கமராவால் கதைப்பதும் வேண்டாம். கதைக்க வேண்டுமென்றால் அம்மாவின் தொலைபேசிக்கு எடு, அவர் இடுப்பில்தான் வைத்திருக்கிறார். நீ ஓம் என்றால் புதன்கிழமைக்கு முன்பு கோகுலனுக்கு ஒரு சொல் சொல்லிவிடு. நான் சொன்னால் அவர் இதையும் ஒரு சாட்டு என்றுதான் நினைப்பார்.

அடுத்தது கத்தரீனா. அவரோடு நீ கதைக்கவேண்டும் என்று கேட்கிறேன். குரல் செய்தி போதாது, எங்கள் மூலமாகவும் வேண்டாம். மன்னிப்பு என்ற சொல் நம் வாயில் இலேசில் வராது. எனக்கே வரவில்லை, உன்னை எப்படிக் கேட்பேன்? அது வராவிட்டால், நான் சுபா கதைக்கிறேன் என்று சொல்லி, இன்றைக்கு என்ன மீன் என்று கேள். மிச்சத்தை அவர் விளங்கிக்கொள்வார். உன் குரலை அவருக்குத் தெரியும்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் கோயிலுக்கு வெளிக்கிட்ட அம்மா, விறாந்தையைக் கடக்கும்போது பழக்கத்தில் ஒரு கணம் நின்றுவிட்டார். அண்ணாந்து பார்க்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்தபோது கொஞ்சம் பிந்தி நின்று, கமராவைப் பார்த்து, “போட்டு வாறம் பிள்ளை” என்று சொன்னேன். இந்த முறை சத்தமாகத்தான் சொன்னேன். படியில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார்.

வித்தியாவுக்கு என் முத்தங்கள். செந்தூரனைக் கேட்டதாகச் சொல். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நீ எதைச் செய்தாலும் எங்கள் நன்மையை நினைத்துத்தான் செய்வாய் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. அம்பாள் உன் வீட்டுக்குத் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் மாறாத அன்புள்ள அப்பா,
க. தியாகராசா

பி.கு: கத்தரீனாவின் இலக்கத்தை எப்படிக் கேட்டு வாங்குவது என்று தெரியாமல், கடிதத்தை மடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு உறை எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது இந்தத் தாளின் பின்பக்கத்தில் ஒரு தொலைபேசி இலக்கம் எழுதியிருந்தது. அம்மாவின் கையெழுத்து. இலக்கத்துக்குக் கீழே, மத்தியானத்தில் எடுத்தால் கை ஆறியிருப்பாள் என்றும் எழுதியிருக்கிறார்.